பழைய போனை இன்னும் சில வருடம் ஓட்ட: வேலூர் வெயிலுக்கு ஏற்ற வழிமுறைகள்

வாங்கி நான்கு வருடம் ஆன போன் திணறத் தொடங்கியதும் வீட்டில் புதுப் போன் பேச்சு கிளம்பிவிடும். ஆனால் எந்தப் போனும் ஒரே நாளில் மொத்தமாகக் கெடுவதில்லை. பேட்டரி, சார்ஜிங் பின், மெமரி, மென்பொருள், டிஸ்ப்ளே என்று ஒவ்வொன்றாகத்தான் தளரும். தளர்ந்தது எது என்று கண்டுபிடித்து அதற்கு மட்டும் செலவழித்தால், பதினைந்தாயிரம் ரூபாய் செலவு ஆயிரத்தை ஒட்டி முடிந்துவிடும். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் முதலில் தளர்வது பெரும்பாலும் பேட்டரிதான். வெயில் அப்படி. அதனால் இங்கே பேட்டரிக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

எது கெட்டிருக்கிறது என்று பாருங்கள்

போனைக் கையில் வைத்துக்கொண்டே படியுங்கள். 30 சதவீதம் காட்டும்போதே கேமராவைத் திறந்ததும் அணைந்துபோகிறதா? பேட்டரி தேய்ந்துவிட்டது. பழைய பேட்டரியின் உள் மின்தடை கூடிவிடும். கேமரா, ஃபிளாஷ், சிக்னல் குறைந்த இடத்தில் வரும் அழைப்பு என்று ஏதாவது திடீரென்று அதிக மின்சாரம் கேட்கும்போது வோல்டேஜ் சரிந்து, போன் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். ‘சார்ஜ் இருக்கும்போதே ஆஃப் ஆகுது, போர்டு போச்சு’ என்று கடையில் சொல்லப்படும் பல போன்களுக்கு உண்மையில் தேவைப்படுவது பேட்டரி மட்டும்தான்.

வயரை வளைத்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறுகிறதா? கேபிள் அல்லது சார்ஜிங் பின். கீபோர்டு எழும்பவே நேரம் எடுக்கிறது, போட்டோ எடுத்தால் சேவ் ஆகாமல் சுற்றுகிறது என்றால் மெமரி நிரம்பிவிட்டது. போன் நன்றாக ஓடினாலும் ஒருசில ஆப் மட்டும் ‘உங்கள் சாதனத்துக்குப் பொருந்தாது’ என்றால் மென்பொருளுக்கு வயதாகிவிட்டது. நாம் பேசுவது எதிர்முனைக்குக் கேட்கவில்லை, ஸ்பீக்கரில் போட்டால் மட்டும் கேட்கிறது என்றால் கீழ் மைக்.

டச், டிஸ்ப்ளே, ஸ்பீக்கர், சென்சார் எல்லாவற்றையும் கடைக்குப் போகாமலே சோதிக்கலாம். சாம்சங் போன்களில் டயல் பேடில் *#0*# என்று அடித்தால் சோதனைத் திரை வரும். ஷாவ்மி, ரெட்மி போன்களில் *#*#64663#*#*. கடைக்குப் போகும் முன் இதை ஒருதரம் ஓட்டிப் பார்த்து, எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் முடிந்து திரும்ப வாங்கும்போது இந்தக் குறிப்பு தேவைப்படும்.

சார்ஜ் வேகமாக இறங்குவதற்கு ஏதாவது ஆப் காரணமாகவும் இருக்கலாம். பவர் பட்டனை அழுத்தி, திரையில் வரும் ‘பவர் ஆஃப்’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்து அழுத்தினால் பல ஆண்ட்ராய்டு போன்கள் சேஃப் மோடில் போகக் கேட்கும். அந்த நிலையில் நாம் ஏற்றிய ஆப்கள் எதுவும் ஓடாது. அரை நாள் அப்படியே விடுங்கள். சார்ஜ் இறங்காமல் நின்றால் குற்றவாளி ஆப். அப்போதும் இறங்கினால் பேட்டரி. ஐபோனில் இந்த வேலையே வேண்டாம், செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த் என்ற பகுதியில் சதவீதமே போட்டிருக்கும். 80க்குக் கீழே போயிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

வெயிலும் பேட்டரியும்

லித்தியம் அயான் பேட்டரிக்கு இரண்டு எதிரிகள்: சூடு, முழுச் சார்ஜில் நீண்ட நேரம் கிடப்பது. இரண்டும் சேர்ந்தால் சேதம் பல மடங்காகும். முழுச் சார்ஜோடு 40 டிகிரி சூட்டில் ஒரு வருடம் கிடக்கும் பேட்டரி தன் கொள்ளளவில் சுமார் மூன்றில் ஒரு பங்கை இழக்கும். அதே சூட்டில் 40 சதவீதச் சார்ஜில் கிடந்தால் இழப்பு 15 சதவீதத்தை ஒட்டி நிற்கும். மே மாதம் வேலூரில் வெளி வெப்பமே 40 டிகிரியைத் தாண்டும். தகர ஷீட் போட்ட வீட்டிலும், கண்ணாடி ஏற்றிய காரிலும், வண்டி சீட்டுக்கு அடியிலும் அதைவிடக் கூடுதல். அக்னி நட்சத்திரத்தில் இரவு முழுக்கச் சார்ஜில் கிடந்து, காலையில் வெயிலில் கிளம்பும் போன் இந்த இரண்டையும் தினமும் அனுபவிக்கிறது.

செய்ய வேண்டியவை இவைதான். சார்ஜை விடியற்காலையில் போடுங்கள், வீடு அப்போதுதான் குளிர்ந்திருக்கும். போடும்போது பின்பக்க பவுச்சைக் கழற்றி, தரையிலோ மேஜையிலோ வையுங்கள். மெத்தை, தலையணை வேண்டாம். 80, 85க்கு வந்ததும் எடுத்துவிடலாம். பயணம் போகும் நாளில் மட்டும் 100. இரவில்தான் முடியும் என்பவர்கள் வேகச் சார்ஜரைத் தவிர்த்து, பழைய 5 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டரைப் பயன்படுத்துங்கள். மெதுவாக ஏறும், அதிகம் சூடாகாது. 45 டிகிரிக்கு மேல் சூடான பேட்டரியில் சார்ஜ் ஏற்றுவது அதை நேரடியாகக் கெடுக்கும். அதனால் வெயிலில் இருந்து வந்தவுடன் சொருகாதீர்கள், ஃபேனுக்கு அடியில் கால் மணி நேரம் வையுங்கள். அவசரத்துக்கு ஃபிரிட்ஜில் வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது கூடவே கூடாது. வெளியே எடுத்ததும் உள்ளே நீர் கோர்த்து போர்டு அரிக்கும்.

வண்டி ஹேண்டிலில் போனை மாட்டி, மேப்பைப் போட்டு, பவர் பேங்கில் சார்ஜும் ஏற்றிக்கொண்டு பகல் முழுக்க டெலிவரிக்குச் சுற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை: நேர் வெயில், முழு பிரைட்னஸ், ஜிபிஎஸ், சார்ஜிங் என்று நான்கு சூடு ஒன்றாகச் சேர்கிறது. ஒரே வருடத்தில் பேட்டரி உப்புவது இப்படித்தான். வழியை முதலிலேயே ஆஃப்லைன் மேப்பாக இறக்கிக்கொண்டு, போனைச் சட்டைப் பையில் வைத்து, குரலை மட்டும் இயர்போனில் ஒரு காதில் கேட்டு ஓட்டினால் பாதிச் சூடு குறையும். அதிர்வு கேமராவுக்கும் ஆகாது.

சிக்னல் குறைந்த இடமும் சூட்டைக் கூட்டும். டவர் எட்டாதபோது போன் தன் முழுச் சக்தியோடு அலையை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஜவ்வாது மலைப் பக்கம் போனால், தேவையில்லாத நேரத்தில் ஏரோபிளேன் மோடில் போடுங்கள்.

பேட்டரி உப்பியிருந்தால்

பின்மூடி லேசாகத் தூக்கியிருக்கிறதா, டிஸ்ப்ளே ஓரத்தில் வெளிச்சம் கசிகிறதா, நடுவில் அழுத்தினால் திரையில் மஞ்சள் திட்டு தெரிகிறதா? உப்பிவிட்டது. கழற்றும் வகைப் பேட்டரி என்றால் அதை எடுத்து மேஜையில் படுக்க வைத்துச் சுண்டிவிடுங்கள். பம்பரம் மாதிரி சுற்றினால் நடுவில் புடைத்திருக்கிறது என்று அர்த்தம். அன்றே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். அழுத்தி மூடாதீர்கள், ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்ற முயலாதீர்கள். உள்ளே இருப்பது தீப்பிடிக்கும் வாயு.

பேட்டரி மாற்றும்போது

அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் உங்கள் மாடலுக்குப் பேட்டரி இருந்தால் அதுவே முதல் தேர்வு. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய ‘ரைட் டு ரிப்பேர்’ இணையதளத்தில் பல நிறுவனங்களின் சர்வீஸ் விவரங்கள் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆனால் ஐந்தாறு வருடம் ஆன மாடலுக்கு ‘பார்ட்ஸ் வரலை’ என்ற பதில் வருவது சகஜம். அப்போது கடைத்தெருதான். கடையில் இல்லாவிட்டால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இருந்து வரவழைப்பார்கள். ஒருநாள் காத்திருப்பது நல்லது, கைக்குக் கிடைத்ததை மாட்டச் சொல்லி அவசரப்படாதீர்கள்.

போனைப் பிரிக்கும் முன்பே புதுப் பேட்டரியைக் கையில் வாங்கிப் பாருங்கள். மூன்று விஷயம் கவனிக்க வேண்டும்.

1. ஐஎஸ் 16046 என்ற எண்ணும், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். அந்த எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ ஆப்பில் போட்டால் எந்த நிறுவனத்துக்குக் கொடுத்த எண் என்று வரும். பேட்டரியில் ஒரு பெயர், ஆப்பில் வேறு பெயர் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.
2. தயாரித்த தேதி. பயன்படுத்தாவிட்டாலும் பேட்டரிக்கு வயதாகும். இரண்டு வருடத்துக்கு மேல் அலமாரியில் கிடந்ததை வாங்க வேண்டாம்.
3. கொள்ளளவைக் குறிக்கும் எம்ஏஎச் அளவு பழைய பேட்டரியில் உள்ளதற்குச் சமமாக இருக்க வேண்டும். அதே இடத்தில், அதே பருமனில் ஆயிரம் எம்ஏஎச் கூடுதல் என்று ஸ்டிக்கர் சொன்னால் அந்த ஸ்டிக்கரை நம்பாதீர்கள்.

‘ஒரிஜினல்’, ‘ஓஇஎம்’, ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்று கடைக்குக் கடை பெயர் மாறும். பெயரைவிட மேலே சொன்ன மூன்றையும், எத்தனை மாதம் மாற்றித் தருவார்கள் என்பதையும் பில்லில் எழுதி வாங்குவதையும் பிடித்துக்கொள்ளுங்கள். பட்ஜெட் ஆண்ட்ராய்டு போன்களுக்குக் கூலியோடு சேர்த்து ஆயிரத்தை ஒட்டித்தான் வரும். மாடலைப் பொறுத்து முன்னே பின்னே இருக்கும். ஐபோனுக்கு இன்னும் கூடும்.

போனைக் கொடுக்கும் முன் சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள். பேட்டரி மாற்ற ஸ்கிரீன் லாக் நம்பர் தேவையே இல்லை, கேட்டாலும் சொல்ல வேண்டாம். வேலை முடிந்ததும் நீங்களே திறந்து காட்டலாம். முடிந்தால் உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலைதான். ‘பாய், கழட்டின பேட்டரிய ஒருதரம் காட்டுங்க’ என்று தன்மையாகக் கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

பிரிக்கும்போது தவறுவது எங்கே என்று தெரிந்திருந்தால் கண் அங்கே இருக்கும். கைரேகை சென்சார் பின்பக்கத்தில் உள்ள மாடல்களில், பின்மூடிக்கும் போர்டுக்கும் நடுவில் நாடா போல ஒரு மெல்லிய ஸ்டிரிப் ஓடும். மூடியை ஒரே இழுப்பில் தூக்கினால் அது அறுந்துவிடும், பிறகு கைரேகை வேலை செய்யாது. பழைய பேட்டரியை இரும்புத் தகடு விட்டு நெம்புவது இன்னொரு ஆபத்து. ஓட்டை விழுந்தால் அங்கேயே புகையும். பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒருசில சொட்டு விட்டு இளக்கி, பிளாஸ்டிக் அட்டையால் எடுப்பதே முறை. மூடும்போது சிக்னலுக்கான மெல்லிய கருப்பு அல்லது வெள்ளை வயரைக் கிளிப்பில் அழுத்த மறப்பதும் உண்டு. வீட்டுக்கு வந்ததும் டவர் குறைவாகக் காட்டினால் காரணம் பெரும்பாலும் இதுதான், அன்றே திரும்பக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கடையை விட்டுக் கிளம்பும் முன் முதலில் எழுதி வைத்த குறிப்பை எடுத்து அழைப்பு, ஸ்பீக்கர், மைக், கைரேகை, இரண்டு கேமரா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

ஒருமுறை திறந்த போனின் நீர்த்தடுப்பை இனி நம்ப முடியாது. மழையில் நனைய விடாதீர்கள். புதுப் பேட்டரி போட்டதும் ஒருதரம் 100 வரை ஏற்றி, 10, 15 சதவீதம் வரை இறக்கி, மீண்டும் 100 ஏற்றுங்கள். சதவீதம் காட்டும் கணக்கு சரியாகும். அதற்குப் பிறகு அப்படிச் செய்யத் தேவையில்லை.

சார்ஜ் ஏறவில்லையா? வரிசையாகப் போங்கள்

முதலில் வேறு கேபிள். அடுத்து வேறு அடாப்டர். அதில் ஐஎஸ் 13252 என்று அச்சு இருக்கிறதா என்றும் பாருங்கள். முத்திரை இல்லாத மலிவு அடாப்டரில் வரும் மின்சாரம் சீராக இருக்காது, சார்ஜில் போட்டால் டச் தானாகத் துள்ளுவது அதனால்தான். இரண்டும் சரி என்றால் பின்னைச் சுத்தம் செய்யுங்கள். குடியாத்தம் தறிப்பட்டறையில் பறக்கும் பஞ்சும், ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் வேலையில் வரும் தூளும் பைக்குள் இருக்கும் போனின் ஓட்டைக்குள் புகுந்து, ஒவ்வொரு முறை சொருகும்போதும் உள்ளே இடித்து இறுகும். பிளக் முழுக்க உள்ளே போகாமல் ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்கும். ‘க்ளிக்’ என்று உட்கார்ந்த உணர்வே வராது.

போனை அணைத்துவிட்டு, ஓட்டை கீழ்நோக்கி இருக்கும்படி பிடியுங்கள். இன்னொரு போனின் டார்ச் வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள். டைப்-சி என்றால் நடுவில் நாக்கு போல ஒரு மெல்லிய தகடு தெரியும், தங்க நிறக் கோடுகள் அதில்தான் இருக்கின்றன. அதைத் தொடக்கூடாது. மரப் பல்குத்தியின் முனையை பிளேடால் சீவித் தட்டையாக்கி, நாக்குக்கும் சுவருக்கும் இடையில் அடிவரை விட்டு, மெதுவாக வெளிப்பக்கம் இழுங்கள். கம்பளித் துண்டு போலச் சுருண்ட அழுக்கு வரும். இரண்டு பக்கமும் வந்து முடியும்வரை செய்யுங்கள். ஊக்கு, குண்டூசி கூடாது, பின்கள் ஒன்றோடொன்று ஒட்டினால் ஷார்ட் ஆகிவிடும். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் துருவைக் கொண்டுவரும்.

அதற்கும் சரியாகாவிட்டால்தான் கடை. பல பட்ஜெட் போன்களில் சார்ஜிங் பின் தனிச் சின்ன போர்டில் இருக்கும், கடையில் ‘சப் போர்டு’ என்பார்கள். அதைக் கழற்றி மாட்டுவது எளிது, விலையும் பேட்டரியைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் கீழ் மைக்கும் பல மாடல்களில் அதே போர்டில்தான். மட்டமான போர்டு போட்டால் வேகச் சார்ஜ் போய்விடும், பேச்சும் தெளிவாகக் கேட்காது. மாற்றியதும் ஒரு அழைப்பு போட்டுப் பேசிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். பின் நேரடியாக மெயின் போர்டில் பற்ற வைத்த மாடல் என்றால் சால்டரிங் கை தேர்ந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

மெமரியை விடுவித்தல்

மெமரி நிரம்பினால் வேகமும் குறையும். உள்ளே இருக்கும் ஃபிளாஷ் மெமரி புதிதாக எழுத, காலியான தொகுதிகளைத் தேடும். இல்லாவிட்டால் பழையதை அழித்துத் துடைத்துவிட்டு எழுதும், அந்த நேரம்தான் நாம் பார்க்கும் திணறல். 15, 20 சதவீதம் எப்போதும் காலியாக இருக்கட்டும்.

நம் வீடுகளில் இடத்தைத் தின்பது வாட்ஸப்தான். அதன் செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’ போய், ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’ திறந்தால் 5 எம்பிக்கு மேற்பட்டவையும், பலமுறை ஃபார்வர்ட் ஆனவையும் தனித்தனியாக வரும். குடும்பக் குழுக்களின் காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும் ஒரே தட்டில் போய்விடும். அதே பக்கத்தில் ஆட்டோ டவுன்லோடை மூன்று இடத்திலும் நிறுத்துங்கள்.

அழிக்கும் முன் ஒன்று: சிஎம்சி மருத்துவமனையில் காட்டிய ரிப்போர்ட், மருந்துச் சீட்டு, ஸ்கேன் படம், கடன் ரசீது, பள்ளிச் சான்றிதழ் எல்லாம் பலருக்கு வாட்ஸப் உரையாடலில் மட்டும்தான் இருக்கின்றன. முதலில் அவற்றைத் தேடி எடுத்து ஒரு தனி ஃபோல்டரில் போட்டு, இன்னொரு இடத்திலும் நகல் வையுங்கள். ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றுக்கு டிஜிலாக்கர் போதும். கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியில்தான் மெயில், போட்டோ, வாட்ஸப் பேக்கப் மூன்றும் அடங்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

வாட்ஸப் தினமும் போனுக்குள்ளேயே ஒரு பேக்கப் எடுத்து, ஒரு வாரத்துப் பேக்கப்களை அடுக்கி வைத்திருக்கும். ஃபைல் மேனேஜரில் ஆண்ட்ராய்டு, மீடியா வழியாக வாட்ஸப்பின் ‘டேட்டாபேசஸ்’ ஃபோல்டருக்குப் போய், பெயரில் தேதி போட்ட பழையவற்றை அழிக்கலாம். தேதி இல்லாத கோப்பு கடைசிப் பேக்கப், அதைத் தொடக்கூடாது. கேலரியின் ‘டிராஷ்’ பகுதியையும் காலி செய்தால்தான் அழித்த படங்களின் இடம் திரும்பக் கிடைக்கும்.

மெமரி கார்டு போடுவதானால் கிளாஸ் 10, ஏ1 என்று அச்சிட்டது வாங்குங்கள். 128 ஜிபி என்று எழுதி உள்ளே 8 ஜிபி மட்டும் இருக்கும் போலிகள் சந்தையில் நிறைய. கம்ப்யூட்டரில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் உண்மையான அளவு தெரிந்துவிடும். கார்டில் போட்டோ, பாட்டு, வீடியோ மட்டும் வையுங்கள். ஆப்களை அதற்கு மாற்றினால் வேகம் இன்னும் குறையும்.

வேகம்

‘ரேம் பூஸ்டர்’, ‘கிளீனர்’ என்று ஏதாவது இருந்தால் இப்போதே நீக்குங்கள். அவை மூடிய ஆப்களைப் போன் மறுபடி மறுபடி திறக்க வேண்டியிருப்பதால் சார்ஜும் வேகமும் இரண்டும் போகும். ஃபேஸ்புக்குக்குப் பதில் ஃபேஸ்புக் லைட். போனோடு கம்பெனியே ஏற்றித் தந்த, நீங்கள் பயன்படுத்தாத ஆப்களை ‘டிசேபிள்’ செய்யுங்கள். செட்டிங்ஸில் போனைப் பற்றிய பகுதியில் ‘பில்ட் நம்பர்’ மேல் ஏழுமுறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் ‘ஸ்கேல்’ என்று முடியும் மூன்று அனிமேஷன் அமைப்புகளையும் 0.5 ஆக்குங்கள். வேறு எதையும் அங்கே மாற்ற வேண்டாம். 2 ஜிபி ரேம் போனில் ஒரே நேரத்தில் இரண்டு ஆப் என்று வைத்துக்கொண்டால் நன்றாகவே ஓடும்.

இத்தனைக்கும் பிறகும் திணறினால் ஃபேக்டரி ரீசெட். அதற்கு முன் வாட்ஸப் பேக்கப், தொடர்பு எண்கள், வாட்ஸப்பின் ஆறு இலக்க பின் மூன்றையும் உறுதி செய்யுங்கள். கூகுள் கணக்கின் மெயில் முகவரியையும் பாஸ்வேர்டையும் தாளில் எழுதி வைத்துக்கொள்வது கட்டாயம். ரீசெட் முடிந்ததும் போன் அதே கணக்கைக் கேட்கும் வாய்ப்பு உண்டு, தெரியாவிட்டால் உள்ளே போக முடியாது. அம்மா அப்பாவுக்கு யாரோ ஒருவர் கணக்கு திறந்து கொடுத்து, பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாமல் போன போன்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன.

நெட்வொர்க்

ஜியோவில் 4ஜியும் 5ஜியும் மட்டும்தான், 4ஜி வழியாகவே பேசும் வோல்ட்இ வசதி இல்லாத போனில் சாதாரண அழைப்பு வராது. ஏர்டெல் தன் 3ஜியை 2020இல் நிறுத்திவிட்டது. ஆகவே 3ஜி மட்டும் உள்ள போன் அதில் 2ஜிக்கு இறங்கிவிடும். பேசலாம், நெட் ஓடாது. பிஎஸ்என்எல் 4ஜிக்கு மாறுபவர்கள் போன் 700 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 28 எடுக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பக்கத்திலேயே டவர் இருந்தும் சில இடங்களில் 4ஜி வராது.

பணம் சம்பந்தப்பட்ட ஆப்கள்

இங்கே மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். செட்டிங்ஸில் ‘ஆண்ட்ராய்டு செக்யூரிட்டி அப்டேட்’ என்ற இடத்தில் ஒரு தேதி இருக்கும். அது இரண்டு வருடத்துக்கு மேல் பழையது என்றால், அந்தப் போனில் வங்கி ஆப்பும் பெரிய தொகை உள்ள கணக்கின் யுபிஐயும் வைக்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஆண்ட்ராய்டு 12க்கே கூகுள் 2025 மார்ச்சோடு பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது. 2025 ஆகஸ்டிலிருந்து புதிய குரோம் பதிப்புகளுக்கு ஆண்ட்ராய்டு 10ஆவது தேவை. வாட்ஸப் 2023 அக்டோபரில் ஆண்ட்ராய்டு 5க்குக் கீழே உள்ளவற்றையும், 2025 மே மாதம் ஐஓஎஸ் 15.1க்குக் கீழே உள்ளவற்றையும் கைவிட்டது. ஐபோன் 6 அதில்தான் போனது.

வீட்டில் புதிதாக இருக்கும் ஒரு போனில் வங்கி வேலையை வைத்துக்கொண்டு, பழைய போனைப் பேச, படிக்க, பார்க்க என்று பிரித்துக்கொள்ளுங்கள். அப்படி முடியாதவர்கள் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, அதில் வாரச் செலவுக்கு வேண்டியதை மட்டும் போட்டு யுபிஐயோடு இணைக்கலாம். இன்டர்நெட்டே இல்லாமல் *99# அடித்தும் பணம் அனுப்ப முடியும், பட்டன் போனிலும் வேலை செய்யும்.

டிராஃபிக் அபராதம், கல்யாணப் பத்திரிகை, பேங்க் கேஒய்சி என்ற பெயரில் வாட்ஸப்பில் வரும் ஏபிகே கோப்பை, அதாவது ஆப்பை நேரடியாகப் போனில் ஏற்றும் கோப்பை, திறக்கவே கூடாது. பழைய ஆண்ட்ராய்டில் அதற்குத் தடுப்பு குறைவு. ஒருவேளை தட்டிவிட்டால் உடனே நெட்டை அணைத்து, சிம்மைக் கழற்றி, வேறு போனிலிருந்து வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் முடக்கப்பட வாய்ப்பு அதிகம்.

எப்போது விடலாம்

ஏஎம்ஓஎல்இடி டிஸ்ப்ளே உடைந்து, டச்சும் டிஸ்ப்ளேயும் சேர்ந்த ‘காம்போ’வின் விலை அதே மாடல் செகண்ட் ஹேண்ட் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்ற வேண்டாம். மெயின் போர்டில் ஐசி எனப்படும் சிப்பைச் சரிசெய்த பிறகும் போன் மறுபடி அணைந்தால் அதற்கு மேல் காசு போடாதீர்கள். தண்ணீரில் விழுந்த போன் இரண்டு மாதம் கழித்துத் தொடர்ந்து புதுப்புதுப் பிரச்சினை தந்தால் அரிப்பு பரவிவிட்டது.

மாற்றாகச் செகண்ட் ஹேண்ட் வாங்குவதானால் *#06# அடித்து, போனின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைப் பாருங்கள். ஆங்கிலத்தில் கே, ஒய், எம் மூன்றெழுத்தும், ஓர் இடைவெளியும், அந்த எண்ணும் அடித்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அந்த எண் முடக்கப்பட்டதா, போலியா என்று பதில் வரும். பதில் வந்த பிறகே பணம் கொடுங்கள், பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

விடும் போனில் முதலில் கூகுள் கணக்கை செட்டிங்ஸிலிருந்து நீக்கி, பிறகு ரீசெட் செய்து, சிம்மும் கார்டும் எடுத்துவிட்டுக் கொடுங்கள். உப்பிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடவோ, காயலான் கடைக்கு எடைக்குப் போடவோ கூடாது, வண்டியில் நசுங்கும்போதே தீப்பிடிக்கும். இரண்டு முனையையும் செல்லோ டேப்பால் ஒட்டி, மணல் போட்ட டப்பாவில் வைத்து, மின்கழிவு எடுத்துக்கொள்ளும் சர்வீஸ் சென்டரிலோ பேட்டரி மாற்றிய கடையிலோ நேரில் கொடுத்துவிடுங்கள்.